பட்டு நூற்கப்படுவதா? பட்டுப்புழு வளர்ப்பு நோக்கில் ஒரு சொல்லாய்வு

முன்னுரை

பட்டுக்கூட்டிலிருந்து இழையைப் பிரித்தெடுக்கும் தொழில் இன்று ‘பட்டு நூற்பு’ என வழங்கப்படுகிறது. பருத்திக்குரிய ‘நூற்றல்’ என்னும் வினை பட்டிற்கும் பொருந்துமா என்பதைப் பட்டு உருவாகும் முறையை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

புழுவின் வளர்ச்சி

பாம்பிக்ஸ் மோரி என்னும் பட்டுப்புழுவின் இயல்பான உணவு மல்பெரி இலையாகும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களை ஏறத்தாழ 25 நாள்களில் கடக்கிறது. இளம்பருவத்தில் மிகுதியாக வேண்டப்படும் வெப்பமும் ஈரப்பதமும் முதிர்பருவத்தில் குறைதல் வேண்டும். புழு உண்ணும் இலையில் பெரும்பகுதி ஐந்தாம் பருவத்திலேயே செலவாகிறது. பின்னர் உண்பதை நிறுத்தி, உடல் ஒளி ஊடுருவும் தன்மை பெற்ற புழுக்களைச் சந்திரிகை எனப்படும் மூங்கில் தட்டுகளுக்கு மாற்றுவர்.

கூடும் இழையும்

புழுவின் இரு சுரப்பிகளிலிருந்து ஃபைப்ராயின் என்னும் புரதம் இரட்டை இழையாக வெளிப்படுகிறது. செரிசின் என்னும் பசைப்பொருள் அவ்விரண்டையும் ஒட்டுகிறது. தலையை எட்டின் வடிவில் அசைத்தவாறு இரண்டு, மூன்று நாள்களில் புழு கூட்டை முடிக்கிறது. ஒரு கூட்டின் இழை பல நூறு மீட்டர் நீளும். நல்ல இனங்களில் அது 1000 மீட்டரையும் கடக்கும். பருத்தி இழையோ சில சென்டிமீட்டர் நீளமே உடையது. முறுக்கி இணைத்தாலன்றி நூலாகாது.

அந்துப்பூச்சி வெளிவரின் கூடு துளைபட்டு இழையின் தொடர்ச்சி கெடும். ஆதலின், அதற்குமுன் கூட்டுப்புழு வெப்பத்தால் கொல்லப்படுகிறது. அறுபடாத இழைக்குரிய விலை ஓர் உயிராகும். பின்னர்க் கூடுகளை வெந்நீரிலிட்டுப் பசையை இளக்கி, பல கூடுகளின் இழைகளை ஒன்றுசேர்த்து இராட்டையில் சுற்றுவர். இங்கு நிகழ்வது புழு ஆக்கிய இழையைப் பிரித்தெடுத்தலே, நூற்றல் அன்று.

பழஞ்சொல்லும் புதுச்சொல்லும்

பதிற்றுப்பத்தில் இடம்பெறும் ‘நூலாக் கலிங்கம்’ என்பதற்குப் பட்டாடை என்று பொருள் கொள்வர். ‘நூலா’ என்பது ‘நூல்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இவ்வுரையை ஏற்பின், நூற்கப்படாமை என்பதே பட்டைப் பிற ஆடைகளினின்று வேறுபடுத்தும் அடையாளமாக அன்று கருதப்பட்டது எனலாம்.

வழக்கில் பொருள் விரிவடைதல் இயல்பே என்பர். ஆயினும், துளைபட்ட கூடுகளும் கழிவுப்பட்டும் பருத்தியைப் போன்றே முறுக்கி நூற்கப்படுகின்றன. வெவ்வேறான இரு தொழில்களை ஒரே சொல் சுட்டுவதால், பயில்வோர்க்குப் பொருள் மயக்கம் நேர்கிறது. முன்னதற்கு ‘இழையெடுப்பு’ என்பதையும் பின்னதற்கு ‘நூற்பு’ என்பதையும் வரையறுப்பது தகும்.

முடிவுரை

பட்டின் மதிப்பு அதன் இழைத் தொடர்ச்சியில் உள்ளது. வளர்ப்போர் புழுவைக் காப்பதும் இறுதியில் அதனைக் கொல்வதும் அத்தொடர்ச்சியின் பொருட்டே. பழந்தமிழ்த் தொடர் புலப்படுத்தும் இவ்வேறுபாட்டை இன்றைய கலைச்சொல் மறைக்கிறது. ஆதலின், தொழில்சார் கலைச்சொல்லாக்கத்தில் செய்முறை அறிவும் இலக்கியச் சொல்லறிவும் இணைந்து செயற்படுதல் வேண்டும்.