மார்கழி, தை: கருமுட்டை அனுப்ப ஏற்ற காலம்

சிறுவிடை, பெருவிடை, கடக்நாத் என்று நல்ல வித்துக்கோழி வைத்திருப்போரிடம் வெளியூர்க்காரர்கள் கருமுட்டை கேட்கும் காலம் இது. மழை ஓய்ந்து குளிர்ந்திருக்கும் இந்த இரண்டு மாதங்கள்தான் முட்டையைப் பார்சலில் அனுப்ப ஏற்றவை. மாசி பாதியோடு அனுப்புவதை நிறுத்திக்கொள்வது நல்லது.

காரணம் வெப்பம். சுமார் 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கரு உறங்கிக் கிடக்கும். அதற்கு மேல் போகப்போக மெல்ல வளரத் தொடங்கும். அடைக்குரிய சூடும் கிடைக்காமல், உறக்கமும் கலைந்து, அரைகுறையாக வளர்ந்த கரு வழியிலேயே செத்துப்போகும். பங்குனி வெயிலில் பார்சல் வண்டிக்குள் நடப்பது இதுதான். ஓடு உடையாமல் போய்ச் சேர்ந்தாலே முட்டை பிழைத்தது என்று எண்ண வேண்டாம்.

முட்டை எடுக்கும்போது

- சேவல் ஒன்றுக்கு 8 முதல் 10 பெட்டைக்கு மேல் விடாதீர்கள். சேவலை மாற்றியிருந்தால் 3 வாரம் கழித்து எடுக்கும் முட்டையையே புதிய சேவலின் வித்து என்று சொல்லிக் கொடுங்கள். பழைய சேவலின் விந்து அதுவரை பெட்டையின் உடலில் தங்கியிருக்கும்.
- நாளைக்கு மூன்று முறையாவது முட்டையைச் சேகரியுங்கள். அடைக்கோழி உட்கார்ந்து சூடேற்றிய முட்டையை அனுப்பாதீர்கள்.
- கழுவ வேண்டாம். ஓட்டின் மேல் உள்ள மெல்லிய படலம் கிருமியைத் தடுக்கிறது. தண்ணீர் பட்டால் அது போய்விடும். எச்சம் அப்பிய முட்டையைச் சமையலுக்கு ஒதுக்குங்கள்.
- இட்ட தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். கூர்முனை கீழே இருக்குமாறு குளிர்ந்த, காற்றோட்டமான அறையில் வையுங்கள். வீட்டு ஃபிரிட்ஜின் குளிர் கருவுக்கு ஆகாது. வெளியே எடுத்ததும் முட்டை வியர்த்து ஈரமாகிவிடும்.
- அடை வைக்கும் நாளில் முட்டைக்கு ஒரு வாரத்துக்கு மேல் வயதாகக் கூடாது. பயணத்துக்கும் ஓய்வுக்கும் 3 நாள் போகும் என்பதால், 4 நாளுக்கு மேற்பட்டதை அனுப்பாதீர்கள்.

பெட்டி கட்டும் முறை

முட்டையின் அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது. தொடர்ந்து குலுங்கினால் அந்த அறையின் சவ்வு பிய்ந்து, காற்றுக் குமிழி உள்ளே அலையும். அப்படிப்பட்ட முட்டையில் குஞ்சு முழுதாக வளர்ந்தாலும் ஓட்டை உடைத்து வெளிவரத் திணறும். ஆகவே கட்டும்போது இரண்டு குறிக்கோள்: முட்டை அசையக் கூடாது, அகன்ற முனை மேலேயே இருக்க வேண்டும்.

1. ஒவ்வொரு முட்டையையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.
2. தனித்தனியாக பபிள் ஷீட்டில் சுற்றுங்கள். இரு முனையையும் டேப் போட்டு அடைக்க வேண்டாம்; ஓட்டுக்குக் காற்று வேண்டும்.
3. புது அட்டை ட்ரேயில் கூர்முனை கீழாக நிறுத்துங்கள். மளிகைக் கடையில் வாங்கிய பழைய ட்ரே பிற பண்ணைகளின் நோயைச் சுமந்து வரும்.
4. ட்ரேயைச் சிறிய அட்டைப்பெட்டியில் இறுக்கமாக வைத்து, அதைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே நான்கு பக்கமும், மேலும் கீழும் 5 சென்டிமீட்டர் அளவுக்குக் காய்ந்த வைக்கோல் அல்லது கசக்கிய செய்தித்தாள் திணியுங்கள். உமியை அப்படியே கொட்டினால் வண்டி ஆட்டத்தில் ஒரு பக்கம் சரிந்துவிடும். சிறு பைகளில் கட்டிப் போடுங்கள்.
5. மூடிய பின் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.
6. பெட்டியின் பக்கங்களில் சிறு துளைகள் இடுங்கள். "கருமுட்டை, இந்தப் பக்கம் மேலே, வெயிலில் வைக்காதீர்" என்று நான்கு பக்கமும் பெரிதாக எழுதுங்கள்.

எப்போது, எப்படி அனுப்புவது

இரவில் கிளம்பி விடியலில் சேரும் பஸ் பார்சலே முதல் தேர்வு. வாங்குபவர் ஸ்டாண்டில் காத்திருந்து பெட்டியைக் கையில் வாங்கிக்கொள்ளட்டும். கூரியர் என்றால் திங்கள், செவ்வாயில் போடுங்கள். வெள்ளி, சனியில் போட்டால் ஞாயிறு முழுக்கக் குடோனில் கிடக்கும். பொங்கல் வாரத்தில் வண்டிகளில் சுமை ஏறி, பெட்டி மேல் பெட்டி அடுக்குவார்கள். அந்த வாரம் அனுப்பவே வேண்டாம்.

பறவைக் காய்ச்சல் தலைகாட்டும் பருவமும் இதுதான். 2021 ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழா, கோட்டயம் மாவட்ட வாத்துகளில் அது பரவியது. நோய் அறிவித்த பகுதியிலிருந்து முட்டை வாங்கவோ அங்கே அனுப்பவோ கூடாது. உங்கள் பண்ணையிலேயே வெள்ளைக்கழிச்சல் அறிகுறி தெரிந்தால் விற்பனையை நிறுத்திவிட்டு, கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.

வாங்கியவர் செய்ய வேண்டியது

பெட்டி வந்ததும் அவசரப்பட்டு அடை வைக்காதீர்கள். பிரித்து, விரிசல் கண்டதை நீக்கி, அகன்ற முனை மேலாக 24 மணி நேரம் நிழலில் ஓய்வு கொடுங்கள். அதற்குள் இன்குபேட்டரை ஓட்டி, விசிறி உள்ள கருவியானால் 37.5 டிகிரியில் நிலைநிறுத்துங்கள். டார்ச் வெளிச்சத்தில் காற்றறை அலைவது தெரிந்தால், அந்த முட்டைகளை நிமிர்த்தியே வைத்து முதல் 3 நாள் திருப்பாமல் விடுங்கள். 7ஆம் நாள் சோதியுங்கள். 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். 21ஆம் நாள் பொரிக்கும். அவயத்துக்கு வைப்பதானால் சிறுவிடைப் பெட்டைக்கு 8 முதல் 10 முட்டை போதும்.

7ஆம் நாள் சோதனையில் ரத்த வளையம் தெரிந்தால் கரு கூடி, பிறகு செத்திருக்கிறது. பெரும்பாலும் வித்தில் குறையிருக்காது, சூட்டிலோ பயணத்திலோ கோளாறு இருக்கும். அதைக் கூமுட்டை என்று விற்றவர் மேல் பழி போட வேண்டாம்.

தூரம் பயணித்த முட்டையில் பாதி பொரித்தாலே நல்ல கணக்கு. இதை விற்பவர் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். டஜனுக்கு இரண்டு முட்டை கூடுதலாக வைத்தும் அனுப்ப வேண்டும்.