கார் அழகும் காற்றின் கணக்கும்

காரின் வடிவத்தைக் காற்றே செதுக்குகிறது என்ற எண்ணம் ஏறக்குறைய நூறாண்டுகளாகக் கார் விளம்பரங்கள் ஊட்டி வளர்த்த ஒன்று. ஓடும் பொருளைச் சுற்றிக் காற்று எவ்வாறு பாய்கிறது, அந்தப் பாய்ச்சல் பொருளின்மீது எத்தகைய விசைகளைச் செலுத்துகிறது என்று ஆராயும் காற்றியக்கவியலும், வாங்குபவரின் கண்ணுக்கு வண்டியை இனியதாக்கும் வடிவமைப்புக் கலையும் ஒரே தகட்டைத்தான் வளைக்கின்றன. ஆனால் எந்த வளைவு எதன் வேலை என்பதில் நிலவும் பொதுக் கருத்துகள் பெரும்பாலும் தலைகீழானவை. வேகத்தின் அடையாளமாகக் கண் எடுத்துக்கொள்ளும் உறுப்புகளில் பல காற்றுக்கு உதவாதவை. உதவுபவையோ கண் போகாத இடங்களில் இருக்கின்றன.

நம்பிக்கை: முகப்பு கூராக இருந்தால்தான் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்.

ஒலியை விஞ்சிப் பறக்கும் போர் விமானத்துக்குக் கூர்முனை தேவை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும் காரோ ஒலியின் வேகத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் எட்டுகிறது. அந்த வேகத்தில் அழுத்த மாற்றம் வண்டிக்கு முன்னாலேயே பரவிவிடுவதால், காற்று தானாகவே விலகி வழிவிடுகிறது. ஓரங்கள் மழுங்கி உருண்ட முகப்பு ஒன்றே அதற்குப் போதும். சிக்கல் பிறப்பது பின்புறத்தில்தான். உடலை ஒட்டி வரும் காற்று, பின்னால் சட்டென்று முடிந்துபோகும் வடிவத்தைப் பின்தொடர முடியாமல் பிரிந்துவிடுகிறது. அவ்வாறு பிரிந்த இடத்தில் தாழ்ந்த அழுத்தமுள்ள சுழல் மண்டலம் ஒன்று உருவாகி வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. முன்னால் உயர்ந்த அழுத்தம், பின்னால் தாழ்ந்த அழுத்தம் என்ற இந்த வேறுபாடே காரின் இழுவிசையில், அதாவது காற்று காட்டும் எதிர்ப்பில், பெரும்பகுதி. தகட்டின்மீது காற்று உராய்வதால் வரும் பங்கு சிறிதே. எனவே பானெட்டைக் கூராக்குவதைவிட டிக்கியைத் திருத்துவதே பயன் தரும்.

இதை முதலில் உணர்ந்தவர்கள் ஆகாயத் தொழிலிலிருந்து வந்தவர்கள். விமானங்களை வடிவமைத்த எட்முண்ட் ரும்ப்லர் 1921-ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் வைத்த ‘துளி வண்டி’, பிற்காலத்தில், 1979-இல், ஃபோக்ஸ்வாகன் காற்றுச் சுரங்கத்தில் அளக்கப்பட்டபோது அதன் இழுவைக் குணகம் 0.28 என்று தெரியவந்தது. இன்றைய கார்கள் பலவற்றுக்கும் அது எட்டாத எண். (காற்றுச் சுரங்கம் என்பது, வண்டியை நிறுத்திவைத்து அதன்மீது காற்றை ஓடவிட்டு விசைகளை அளக்கும் கூடம், இழுவைக் குணகம் என்பது, அளவு எதுவாயினும் ஒரு வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் எண்.) செப்பலின் ஆகாயக் கப்பல்களில் பணியாற்றிய பால் யாரை என்பவரும் அதே ஆண்டுகளில் ஒழுகு வடிவக் கார்களுக்குக் காப்புரிமை கோரினார். துளி என்ற பெயர் நிலைத்துவிட்டாலும் வானிலிருந்து விழும் மழைத்துளிக்கு அந்த வடிவம் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்; சிறு துளிகள் உருண்டையாகவும், பெரிய துளிகள் அடிப்பக்கம் தட்டையான பன் ரொட்டியைப் போலவும் விழுகின்றன.

உண்மையான ஒழுகு வடிவத்துக்கு நீண்டு மெலியும் வால் வேண்டும். அப்படி ஒரு வால் தெருவில் திரும்பாது, வீட்டு நிறுத்தத்திலும் அடங்காது. ஷ்டுட்கார்ட்டில் 1930-களில் ஆய்வு நடத்திய வுனிபால்ட் காம் என்ற பொறியாளரின் பெயர் தாங்கிய தீர்வு இதற்கு வழிகண்டது: உடலைச் சிறிது தூரம் மெதுவாகக் குறுக்கிக்கொண்டுபோய், பிறகு நெட்டாக வெட்டிவிடுவது. வெட்டிய முகம் சிறியதாக இருப்பதால் சுழல் மண்டலமும் சிறுத்துவிடுகிறது. டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறை 2003-இல் உயர்ந்து வெட்டுண்ட பின்புறத்தோடு வந்தபோது அதை அழகென்று சொன்னவர்கள் சிலரே. ஆனால் அதன் இழுவைக் குணகம் 0.26. இன்றைய கார் ஒன்றின் பின்விளக்கை அருகில் சென்று பார்த்தால் இதே தத்துவம் விரல் நுனியில் படும்: பக்கத் தகடு உருண்டு வந்து பின்புறத்தில் வழுவழுப்பாக முடிவதற்குப் பதிலாக, விளக்கின் வெளியோரத்தில் செங்குத்தான கூர்மையான விளிம்பு ஒன்று நிற்கும். உருண்ட மூலையில் காற்று எங்கே பிரிவதென்று தெரியாமல் உள்நோக்கி வளைந்து தள்ளாடும். கூர்விளிம்பு அந்த இடத்தைத் தெளிவாகத் தீர்மானித்துவிடுகிறது. கார் உருண்டையாக இருக்கவேண்டிய இடம் முன்புறம், கூராக இருக்கவேண்டிய இடம் பின்புறம் என்பதே சரியான கணக்கு.

நம்பிக்கை: பின்கண்ணாடி எவ்வளவு சரிகிறதோ அவ்வளவு நல்லது.

எஸ். ஆர். அகமதும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் வெளியிட்ட காற்றுச் சுரங்க ஆய்வு இதைத் துல்லியமாக மறுத்தது. முன்புறம் உருண்டு, பின்மேற்புறம் மட்டும் சரியும் எளிய செங்கட்டி வடிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு, சரிவுக் கோணத்தை மட்டும் மாற்றிக்கொண்டே அவர்கள் அளந்தனர். ஏறக்குறைய 12 பாகை வரை இழுவிசை குறைந்தது. அதற்குமேல் சரிவின் இருபக்க ஓரங்களிலும் வலிமையான சுழல்கள் தோன்றி, 30 பாகையை நெருங்கும்வரை இழுவிசை ஏறிக்கொண்டே போனது. அதைத் தாண்டியதும் காற்று சரிவை ஒட்டுவதை முற்றிலும் கைவிட்டதால் சட்டென்று இறங்கியது. ஆகவே கூபே போலச் சரியும் கூரை என்பதாலேயே ஒரு காரைக் காற்றுக்கு இணக்கமானது என்று சொல்லிவிட முடியாது. ஓரிரு பாகை வேறுபாட்டில் கணக்கு தலைகீழாகும். கண்ணுக்கு அந்த ஓரிரு பாகை தெரிவதே இல்லை.

நம்பிக்கை: வேகமாகத் தோன்றும் கார் காற்றுக்கும் உகந்தது.

இந்த நம்பிக்கைக்கு எதிரான சான்றுகள் அழகான கார்களாலேயே நிறைந்திருக்கின்றன. பிரிஸ்டல் விமான நிறுவனத்திலிருந்து வந்த மால்கம் சேயர் கணித வளைகோடுகளைக் கொண்டு வரைந்த ஜாகுவார் ஈ-டைப், 1961-இல் வெளிவந்தது முதல் அழகின் அளவுகோலாகவே பேசப்படுகிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-இல் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அளவீடுகளோ அதன் இழுவைக் குணகத்தை 0.44 அளவில் வைக்கின்றன. அதன் வேகத்துக்கு ஒடுங்கிய உடலும் வலிய எஞ்சினும் கைகொடுத்தன. 1971-இல் ஜெனீவாவில் காட்டப்பட்ட லம்போர்கினி கவுன்டாக்கின் கதையும் இதுவே. பெர்தோனே நிறுவனத்தில் மார்செல்லோ கந்தீனி ஆப்பு வடிவில் வரைந்த அந்தக் கார் நிற்கும்போதே பாய்வதுபோல் தோன்றினாலும், அகன்ற டயர்களும் காற்றை உள்வாங்கும் துளைகளும் சேர்ந்து அதன் குணகத்தைச் சுமார் 0.42-இல் நிறுத்தின, பின்னாளில் வாங்குபவர்கள் விரும்பிப் பொருத்திக்கொண்ட பெரிய பின்சிறகு அதன் உச்ச வேகத்தைக் குறைக்கவே செய்தது.

மறுபுறத்தில் 1934-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ நிற்கிறது. கார்ல் பிரியரின் தலைமையில் பொறியாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது, அக்காலக் கார்கள் முன்னோக்கிப் போவதைவிடப் பின்னோக்கிப் போனால் காற்றைக் குறைவாக எதிர்க்கும் என்ற சங்கடமான உண்மை வெளிப்பட்டது. அதன் விளைவாக உருண்ட முகப்போடும் உடலுக்குள் அடங்கிய விளக்குகளோடும் உருவாக்கப்பட்ட ஏர்ஃப்ளோவை அமெரிக்க வாடிக்கையாளர்கள் ஏற்கவில்லை. தொடக்ககால உற்பத்தித் தாமதமும் குறைகளைப் பற்றிய பேச்சும் அதற்குத் துணைசெய்ய, 1937-உடன் அது நிறுத்தப்பட்டது. ஆனால் 1936-இல் வந்த லிங்கன் செஃபிர், கப்பலின் முன்முனையைப்போல் கூரான முகப்போடு ஒழுகு வடிவத்தைக் கண்ணுக்கு எடுப்பாகக் காட்டியதால் நன்கு விற்றது. மக்கள் ஒழுகு வடிவத்தை வெறுக்கவில்லை. தங்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்த ஒழுகு வடிவத்தையே கேட்டனர். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் இந்த உளவியலை எவரையும்விட நன்கு அறிந்தவர். லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலிலிருந்து பிறந்து 1948 காடிலாக்கில் சிறு மேடாகத் தலைகாட்டிய வால் துடுப்பு, 1959 காடிலாக்கில் உச்சத்தை எட்டியது. துடுப்புகள் வண்டியை நிலைப்படுத்துவதாகக் கிரைஸ்லர் விளம்பரம் செய்ததுண்டு. பின்னால் இருக்கும் செங்குத்துப் பரப்பு கோட்பாட்டளவில் அதற்கு உதவும் என்றாலும், அந்தக் கார்கள் ஓடிய வேகங்களில் அது பெயரளவுக்கே. பொறியியல் மொழியில் பேசிய அலங்காரம் என்றுதான் அவற்றைச் சொல்லவேண்டும்.

நம்பிக்கை: ஸ்பாய்லர் வெறும் அலங்காரம்.

கடையில் வாங்கி ஒட்டப்படும் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். ஸ்பாய்லர் என்ற உறுப்புக்குப் பொருந்தாது. காரின் மேற்புறம் வளைந்தும் அடிப்புறம் ஏறத்தாழ மட்டமாகவும் இருப்பதால், மேலே ஓடும் காற்று விரைந்து அழுத்தம் குறைகிறது. அதனால் வண்டியை மேல்நோக்கித் தூக்க முயலும் தூக்குவிசை பிறந்து, மிகுந்த வேகத்தில் பின்சக்கரங்களின் பிடிப்பைக் குறைக்கிறது. அந்தத் தூக்குவிசையைத் தணிப்பதே பின்விளிம்பில் நிற்கும் ஸ்பாய்லரின் வேலை. ஆடி டிடி இதற்குக் கசப்பான சான்று. எந்த ஒட்டும் இல்லாமல் ஒரே வளைவாகக் கூரையிலிருந்து இறங்கிய அதன் பின்புறம், 1998-இல் விற்பனைக்கு வந்தபோது பெரிதும் புகழப்பட்டது. பின்னர் ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் மிகுந்த வேகத்தில் கட்டுப்பாடு இழந்த விபத்துகள் உயிர்களைப் பறித்தன. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, மின்னணு நிலைப்படுத்தும் அமைப்போடும் சஸ்பென்ஷன் மாற்றங்களோடும் டிக்கியின் விளிம்பில் சிறு ஸ்பாய்லர் ஒன்றையும் பொருத்தியது. தூய வளைவை விரும்பிய சுவைஞர்கள் அந்த விளிம்பைக் கறை என்று கருதினர். கறையில்லாத வளைவுக்கு உண்டான விலையோடு ஒப்பிட்டால் அந்த முறையீட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

போர்ஷே இச்சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. 1972-இல் வந்த 911 கரேரா ஆர்.எஸ்.-இல் வாத்தின் வாலைப்போல் மேல்நோக்கி மடித்த விளிம்பை வெளிப்படையாகவே வைத்தது. 1980-களின் இறுதியில் அறிமுகமான 964 வகையிலோ, மணிக்கு 80 கி.மீ. அளவில் தானே எழுந்து, வேகம் தணிந்ததும் உள்ளே படிந்துவிடும் ஸ்பாய்லரை அமைத்து, நிற்கும் காரின் பின்புறக் கோட்டைக் காப்பாற்றிக்கொண்டது. ஃபோர்டு சியராவின் எக்ஸ்.ஆர்.4.ஐ. வகையில் இரண்டு அடுக்காக நின்ற பின்சிறகு பலராலும் கேலி செய்யப்பட்டது. ஆனால் சாதாரண சியராவின் 0.34 என்ற குணகம் அதில் 0.32 ஆகக் குறைந்திருந்தது.

நம்பிக்கை: இழுவைக் குணகம் குறைந்த கார் எரிபொருளை மிச்சப்படுத்தும்.

குணகம் பாதிக் கதைதான். அதை முகப்புப் பரப்பால், அதாவது காரை நேர் எதிரிலிருந்து பார்க்கும்போது அது மறைக்கும் பரப்பால், பெருக்கினால்தான் உண்மையான எதிர்ப்பு தெரியும். விளம்பரங்களோ முதல் எண்ணை மட்டும் அச்சிடுகின்றன. 0.33 குணகமும் 2.8 சதுர மீட்டர் முகப்பும் உள்ள உயரமான எஸ்.யூ.வி., 0.36 குணகமும் 2 சதுர மீட்டர் முகப்பும் உள்ள சிறிய காரைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதலாகக் காற்றைத் தள்ளவேண்டியிருக்கும். வேகமும் கணக்கில் உண்டு. குணகம் 0.30, முகப்பு 2.2 சதுர மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றுக்காக மட்டும் ஏறக்குறைய 8.5 கிலோவாட் திறன் செலவாகிறது; 50 கி.மீ.-இல் அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி, டயர்கள் உருள்வதில் இழக்கும் ஆற்றலே மேலோங்கிவிடுகிறது. நகர நெரிசலுக்குள்ளேயே ஓடும் காருக்கு அதன் குணகம் பெருமை பேசும் எண்ணாக மட்டுமே பயன்படும்.

நம்பிக்கை: காற்றுச் சுரங்கம்தான் எல்லாக் கார்களையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டது.

1982-இல் ஆடி 100 தன் 0.30 குணகத்தை விளம்பரப்படுத்தியபோது தொடங்கிய போட்டியில் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஓரளவு இடமிருந்தது. கதவுத் தகட்டோடு சமமாகப் படிந்த கண்ணாடிகள் அந்தக் காரின் அடையாளமாயின. பிற நிறுவனங்களும் விரைவில் அதே வழிக்கு வந்தன. ஆயினும் இன்றைய கார்களின் ஒற்றுமைக்கு வேறு காரணங்களும் உண்டு: மோதினால் நடந்துசெல்பவரின் தலைக்கு இடம்விடும்படி உயர்த்தப்பட்ட பானெட், பக்கவாட்டு மோதலைத் தாங்கத் தடித்த கதவுகளும் தூண்களும், பல மாடல்களுக்குப் பொதுவான அடிக்கட்டு, சந்தையின் எஸ்.யூ.வி. மோகம் ஆகியவை காற்றைக் கேட்டு வந்தவை அல்ல. காற்றுக்கு முற்றிலும் பணிந்த கார்கள் எப்படியிருக்கும் என்பதற்கு 2021-இல் வந்த மெர்சிடிஸ் ஈ.கியூ.எஸ். எடுத்துக்காட்டு, ஒரே வில்லாக முன்னிருந்து பின்வரை வளைந்த அதன் 0.20 குணகம் பாராட்டப்பட்ட அளவுக்கு அதன் தோற்றம் பாராட்டப்படவில்லை.

கண்ணுக்கும் காற்றுக்கும் இடையிலான மோதல் சக்கரங்களில் இன்னும் வெளிப்படையானது. சக்கரங்களும் அவற்றின் குழிகளும் மொத்த இழுவிசையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்குக் காரணமாகின்றன. மூடிய தட்டையான சக்கரமே காற்றுக்கு உகந்தது. கண்ணோ பெரிய, திறந்த ஆரக்கால்கள் கொண்ட அலாய் வீல்களைக் கேட்கிறது. டெஸ்லா மாடல் 3-இல் மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்றே பொருத்தப்பட்ட மூடிகளைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளிருக்கும் அலாயைக் காட்டிக்கொண்டு ஓட்டுபவர்கள் உண்டு.

பெட்டி வடிவத்தையே அடையாளமாகக் கொண்ட மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் இதற்கு எதிர்த்திசையில் போயிருக்கிறது. 2024-இல் அதன் மின்சார வகை வந்தபோது, செங்குத்தான கண்ணாடியும் நேர்க்கோட்டுக் கதவுகளும் பழையபடியே இருக்க, முன்தூண்களுக்குப் புதிய உறை, கூரையின் முன்விளிம்பில் ஒரு சிறு உதடு, சற்றே உயர்த்திய பானெட் முதலிய மாற்றங்களால் முன்பு 0.54 அளவில் இருந்த குணகம் 0.44-க்கு இறக்கப்பட்டது. பழைய வண்டியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் அந்த உதட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.