குச்சி ஐஸ்

அக்கினி நட்சத்திர நாள்களில், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களின் தெருக்களில் நண்பகல் வேளையில் காக்கையும் பறப்பதில்லை. ஆயினும் மணியோசை ஒன்று கேட்டவுடன் சிறுவர் வெறுங்காலுடன் ஓடி வருவர். மிதிவண்டியின் பின்னே மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார்; பெட்டியினுள் சிவப்பும் மஞ்சளுமாகக் குச்சி ஐஸ் அடுக்கப்பெற்றிருக்கும். இளமையில் யானும் அவ்வாறு ஓடியவனே. ஐஸ் என்பது நம் மொழிச் சொல் அன்று. பனிக்கட்டி என்றலே முறை. எனினும் 'குச்சிப் பனிக்கட்டி ஒன்று தருக' என்று கேட்டால் விற்பவர் விழிப்பார். ஆதலின் இப்பாடத்தில் வழக்குச் சொல்லையே ஆளுகின்றேன்.

நம் நாட்டிற்குப் பனிக்கட்டி கப்பலேறி வந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பாசுடன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் என்பார், மாரிக்காலத்தில் குளங்களில் உறைந்த நீரைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கு அனுப்பினார். ஏறத்தாழ நான்கு திங்கள் கடலில் வந்தும் அது முற்றும் உருகிவிடவில்லை என்பது வியப்பேயாகும். சென்னைக் கடற்கரையில் அதனைச் சேமித்தற்கு 1842-இல் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தபின் அவ்வணிகம் ஒழிந்தது. 1897-இல் விவேகானந்தர் தங்கியமையால், அம்மாளிகை இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகின்றது.

குச்சியை நட்டவன் ஒரு சிறுவன். கலிபோர்னியாவைச் சேர்ந்த பிராங்கு எப்பர்சன், 1905-இல், பதினோராம் வயதில், சோடாப் பொடி கரைத்த நீரைக் கலக்கிய குச்சியுடன் திண்ணையில் மறந்து வைத்துவிட்டான். இரவுக் குளிரில் அஃது உறைந்தது. மறதியும் சிலவேளை பயன் தரும். ஆனால் தேர்வுக் காலத்தில் அதனை நம்பியிருத்தல் ஆகாது.

என் தம்பிக்கு ஒரு கோடையில் குடற்காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் கஞ்சியும் படுக்கையுமாகக் கிடந்தான். மருத்துவர் முதலில் வினவியது, அவன் பருகிய நீரைப் பற்றியே. தெருவில் வாங்கிய ஐஸ்தான் காரணம் என்று எவரும் அறுதியிட்டுக் கூறவில்லை. எனினும் எம் தந்தையார் அன்றே அதனை விலக்கினார். குளிரானது நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடும் என்று பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. உறையுங்கால் சில மடியும். எஞ்சியவை உறங்கிக் கிடந்து, உடலினுட் சென்றதும் விழித்தெழும். நீரைக் கொதிக்க வைத்தலே தக்க காப்பு.

நலம் பெற்ற தம்பி, மணியோசை கேட்கும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அதனைக் காணப் பொறாத தந்தையார், வீட்டிலேயே குச்சி ஐஸ் செய்யத் துணிந்தார். எம் இல்லத்தில் அக்காலத்துக் குளிர்பதனப் பெட்டி இல்லை. கடையில் வாங்கிய பனிக்கட்டியைச் சாக்கில் சுற்றி உடைத்து, மூன்று பங்கிற்கு ஒரு பங்கு கல்லுப்புச் சேர்த்து வாளியில் நிரப்பி, அதன் நடுவே எலுமிச்சைச் சாறுள்ள எவர்சில்வர்க் குவளைகளைப் புதைத்தார். உப்புப் பட்ட பனிக்கட்டி விரைந்து உருகும். உருகுவதற்கு வேண்டும் வெப்பத்தை அருகிலுள்ள பொருளிலிருந்து ஈர்க்கும். அதனால் அக்கலவை சுழியத்திற்குக் கீழே இருபது பாகையளவு வரை குளிரக்கூடும். வெறுங்கையால் தொட்டால் தோல் புண்படும். சாறு நன்றாகவே உறைந்தது. ஆனால் மூடி பொருந்தாமையால் உப்புநீர் உட்புகுந்து, முதல் ஐஸ் கடல்நீராய்க் கரித்தது. மறுநாள் மூடியின் விளிம்பில் கோதுமை மாவைப் பிசைந்து அப்பினார், குறை தீர்ந்தது.

இக்காலத்தில் இத்துணைத் தொல்லை இல்லை. ஒரு லிட்டர் நீரில் 200 கிராம் சர்க்கரை இட்டுக் கொதிக்க வைத்து, நன்கு ஆறியபின் மூன்று எலுமிச்சம்பழச் சாற்றைச் சேர்த்திடுக. சூட்டோடு சேர்த்தால் மணம் கெடும். பருகுதற்கு இக்கலவை சற்றே திகட்டும். ஆயினும் குளிர்ந்த நாவிற்கு இனிப்புக் குறைந்தே தோன்றுமாதலின் அவ்வளவு வேண்டும். அளவு மிகுந்தாலோ கட்டி இறுகாது. நீர் உறையுங்கால் பதினொன்றில் ஒரு பங்கு விரியும். ஆகவே குவளையை விளிம்பு வரை நிரப்பலாகாது. கண்ணாடிக் குவளை வெடிக்கக்கூடும். மேற்புறம் சிறிது இறுகியபின் குச்சியை நட்டால் அது சாயாது நிற்கும். ஓரிரவு கழிந்தபின் குவளையை நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தால் ஐஸ் எளிதிற் கழன்று வரும். பொறுமையின்றி இழுத்தால் குச்சி மட்டுமே கையில் வரும்.

இரண்டாம் நாள் ஐஸைச் சுவைத்த தம்பி, "அப்பா, இனிப்பெல்லாம் போய் வெறும் வெள்ளைக் கட்டி நிற்கிறதே!" என்று முறையிட்டான். அதற்கும் காரணம் உண்டு. நீர் உறையும்போது சர்க்கரையைத் தன்னுள் ஏற்பதில்லை. தூய நீரே படிகமாகின்றது. ஒதுக்கப்பட்ட இனிய பாகு படிகங்களின் இடைவெளியில் தங்குகின்றது. உறிஞ்சும்போது பாகு முதலில் வந்துவிட, வெற்றுப் பனிக்கட்டி எஞ்சுகின்றது. பழக்கூழ் மிகுதியாகச் சேர்ந்தால் அதன் நார் பாகினைப் பற்றிக்கொள்ளும். மாம்பழம் மலிந்த வைகாசியில் தந்தையார் பூவிருந்தவல்லிக் கடைத்தெருவிலிருந்து பழம் வாங்கிவந்து பிழிந்து, அவ்வாறே செய்தார். தம்பி இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினான்.