கரிச்சட்டியை வீட்டுக்குள் வைக்காதீர்கள்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முதல்நாள் இரவுதான் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. எங்கள் சொந்த ஊர்ப்பக்கம் ஊத்தங்கரையில் மறுநாள் காலைக்குள் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நாங்கள் குடியிருக்கும் ஹெப்பகோடியிலோ விடாத தூறலும் எலும்பைக் குத்தும் ஈரக்காற்றும்தான். புயல் நம்மைத் தொடவில்லை என்றே நினைத்தேன்.

சாயங்காலம் கரண்ட் போனது. ராத்திரி அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. "மூச்சு முட்டுது கண்ணு" என்றார். நெபுலைசர் கையிலிருந்தும் பயனில்லை. அம்மா நடுங்குவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு சட்டியில் கரி மூட்டிக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தார். சாரல் அடிக்குமே என்று கதவையும் ஜன்னலையும் சாத்தியது நான்தான்.

கொஞ்ச நேரத்தில் மகள் தலைவலி என்றாள், வாந்தி எடுத்தாள். அவள் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 98. அப்பாடா என்றிருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த அக்காவின் வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் பாய்லர் பக்கம் வேலை செய்பவர். உள்ளே எட்டிப் பார்த்ததுமே கதவை அகலத் திறந்து, "எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினார். அவர் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பயமாக இருக்கிறது.

கனலும் கரி கார்பன் மோனாக்சைடை விடும். நிறமில்லை, வாசனையில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் கருவிக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்த 98 பொய் என்று பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் புரிந்தது. 2021 பிப்ரவரி பனிப்புயலில் டெக்சாஸ் மாநிலத்தில் 246 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. கரண்ட் இல்லாமல் குளிர்காயப் போய் இந்த வாயுவுக்குப் பலியானவர்களும் அதில் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி, மயக்கம் வந்தால் உடனே வெளியே ஓடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது ஸ்பேசர் மாட்டிய இன்ஹேலர் தலைமாட்டிலேயே இருக்கிறது. அதற்குக் கரண்ட் வேண்டாம். கடுமையாகாத இழுப்புக்கு நெபுலைசர் அளவுக்கே கேட்கும். எத்தனை முறை அழுத்துவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், மருந்தைக் கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். எங்கள் சந்துக்குள் வண்டி தடுமாறும். ஒருவர் டார்ச்சோடு ஓசூர் ரோட்டுக்கே போய் நிற்க வேண்டும்.

முன்பே தயாராக இருப்பது ஊரில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் மாமாவுக்கும் பொருந்தும். புயல் எச்சரிக்கை வந்தால், பாதை அடைபடும் முன்பே டயாலிசிஸ் முறையை ஒருநாள் முன்னதாகவே கேட்டு வைக்கச் சொல்லி நானே போன் போட்டுவிடுகிறேன்.