ராடு போட்ட காலும் அப்பாவின் புல்லட்டும்

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. திருவண்ணாமலையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். பத்து வாரத்துக்கு முன்பு இரவில் செங்கத்திலிருந்து திரும்பும்போது நாய் குறுக்கே வந்து, வண்டி சாய்ந்து மைல்கல்லில் மோதிவிட்டது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து ராடு வைத்திருக்கிறார்கள். ஒரு கைத்தடியோடு நடக்கிறேன். வண்டி என் அப்பா 1996இல் வாங்கிய புல்லட் 350, வலது காலில் கியர் உள்ள பழைய மாடல். முன் ஃபோர்க் வளைந்துவிட்டது. ஒரு மாதமாக வாசலில் உட்கார்ந்து நானே ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரிசெய்கிறேன். அதுதான் எனக்கு இப்போது ஒரே ஆறுதல். ஆனால் சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். “ராடு இருக்கும்போது என்ன பயம், மூணு மாசத்துல ஓட்டலாம்” என்கிறார் நண்பர். “அந்தச் சனியனை எடைக்குப் போடு” என்கிறார் அம்மா. கார்த்திகை தீபத்தன்று நான் கிரிவலம் நடப்பதாக வேறு வேண்டிக்கொண்டிருக்கிறார். தீபத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நான் யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: தம்பி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய இரண்டு எக்ஸ்ரே படங்களையும் பார்த்தேன். ராடு நேராக இருக்கிறது. மேலும் கீழும் ஸ்க்ரூக்கள் இடம் மாறவில்லை. முறிந்த இடத்தின் பின்பக்கத்தில் புது எலும்பு வெளிறிய நிழலாகப் படரத் தொடங்கியிருக்கிறது. முன்பக்கத்துக் கோடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பத்து வாரத்துக்கு இது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் எலும்பு இன்னும் கூடவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

வண்டியை விற்க வேண்டாம். பழுது பார்ப்பதையும் நிறுத்த வேண்டாம். செய்கிற விதத்தை மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள்.

முதலில் நண்பர் சொன்ன ராடு. எலும்பின் நடுக்குழிக்குள் உலோகத் தண்டைச் செலுத்தும் இந்த முறையை 1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் செய்து காட்டினார். அதற்கு முன்பு கால் முறிந்தவர்கள் மாதக்கணக்கில் கட்டோடு படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். இன்று சில நாளிலேயே எழுந்து நிற்க முடிகிறது என்றால் அது ராடின் புண்ணியம். ஆனால் புதிதாகப் போட்ட கான்கிரீட் தளத்துக்கு முட்டுக் கொடுத்த சவுக்குக் கட்டை எப்படியோ அப்படித்தான் ராடும். தளம் இறுகும்வரைதான் அது தாங்க வேண்டும். எலும்பு கூடாமலே ஆயிரக்கணக்கான முறை பாரம் ஏறி இறங்கினால் உலோகம் களைத்து, ஸ்க்ரூ முறியும். சில சமயம் ராடே முறியும். மறுபடி ஆபரேஷன்தான். உங்களுக்கு முறிந்திருப்பது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே. டிபியா எனப்படும் கணைக்கால் எலும்பில் அந்தப் பகுதிக்குச் சதைப் பாதுகாப்பு குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் மெதுவாகத்தான் கூடும். பொதுவாக நான்கிலிருந்து ஆறு மாதம். மூன்று மாதக் கணக்கு உங்கள் காலுக்குப் பொருந்தாது.

இடையில் யாராவது புத்தூர் கட்டுக்குக் கூப்பிட்டால் போக வேண்டாம். உள்ளே ராடு இருக்கும் காலில் வெளியே இறுக்கிக் கட்டுவதால் பயன் எதுவும் இல்லை. ரத்த ஓட்டம் தடைபடும் ஆபத்துதான் உண்டு.

இப்போது உங்கள் வாசல் பட்டறைக்கு வருவோம். நம் ஊரில் மெக்கானிக் என்றால் குத்தவைத்துத்தான் வேலை செய்வார். நீங்களும் அப்படித்தான் உட்கார்கிறீர்கள் என்பது முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது என்று தனியாக எழுதிய குறிப்பிலேயே தெரிகிறது. ராடைப் பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குக் கீழே திறந்து உள்ளே செலுத்துகிறார்கள். அந்த இடத்தில் முட்டி போட்டாலும் குத்தவைத்தாலும் பலருக்கு மாதக்கணக்கில் வலி இருக்கும். கீழே உட்கார்ந்து வேலை செய்வதை விடுங்கள். இரண்டு பேரை வைத்து வண்டியைத் தூக்கி ஒரு அடி உயரமுள்ள உறுதியான பலகை மேடையில் ஏற்றி நிறுத்துங்கள். 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை நீங்கள் தனியாகச் சென்டர் ஸ்டாண்ட் போடவே கூடாது. நீங்கள் உயரமான ஸ்டூலில் உட்காருங்கள். முக்கால் மணி நேரம் வேலை, பிறகு கட்டிலில் படுத்துக் கால் மணி நேரம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துப் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். சாயங்கால வீக்கம் குறையும். குறையாமல் கெண்டைச் சதை இறுகி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தையல் போட்ட இடத்தில் சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மெடிக்கலில் நீங்களாகவே வாங்கிப் போடும் மாத்திரையை நிறுத்துங்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது ஒரு பக்கம். அதைவிட, ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று கால் சொல்வதை அது மறைத்துவிடுகிறது. சிகரெட் பிடிப்பீர்களா என்று எழுதவில்லை. பிடித்தால் விடுங்கள். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து இல்லை. ஆட்டுக்கால் சூப் குடியுங்கள், அம்மா ஆசையாக வைத்துக் கொடுப்பதை வேண்டாம் என்பானேன். ஆனால் அதில் கால்சியம் நீங்கள் நினைக்கிற அளவு கிடையாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. கேழ்வரகுக் களி, முட்டை, பால், பருப்பு, முருங்கைக்கீரை இவைதான் உங்கள் மருந்து.

வண்டி வேலையில் இப்போதே தொடங்கக்கூடிய இடமும் அவசரம் காட்டக் கூடாத இடமும் உண்டு. கார்புரேட்டரைக் கழுவுவது, பாயின்ட் செட், ஒயரிங் எல்லாம் மேஜை வேலை, இப்போதே செய்யலாம். பிரேக் ட்ரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள். ஃபோர்க் பைப்பை லேத்தில் கொடுத்து நிமிர்த்திவிடலாம் என்பார்கள். கழற்றிய பைப்பைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் தூக்கித் தூக்கி விழுந்தால் வளைவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த பைப்பை நம்பி அடுத்த மைல்கல்லைக் கடக்க வேண்டாம். டி-ஸ்டெம், கோன் செட் இரண்டையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள். சேசிஸின் கழுத்தடியில் பெயின்ட் விண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விண்டிருந்தால் அனுபவமுள்ள பட்டறைக்காரர் பார்க்க வேண்டும். சேசிஸை நிமிர்த்தும்போது அதில் பொறித்த எண்ணில் அரம் படக் கூடாது. ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

உங்கள் காலுக்கும் இந்த வண்டிக்கும் உள்ள சிக்கல் வேறொன்று. வலது கால்தானே கிக்கர் உதைக்கிறது, முறிந்தது இடதுதானே என்று நினைத்திருப்பீர்கள். சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டு, பிறகு முழு உடம்பையும் தூக்கி ஒரே உதை. அந்த ஒரு கணம் உங்கள் மொத்த எடையும் நிற்பது எந்தக் காலில்? இடது காலில். டைமிங் முன்னால் போயிருந்து கிக்கர் திருப்பி அடித்தால் அந்த அதிர்ச்சியில் நீங்கள் சாய்வதும் இடது கால் மேல்தான். இந்த மாடலில் பின் பிரேக்கும் இடது கால்தான். சிக்னலில் நின்றால், ரோடு இடப்பக்கம் சரிவதால் தரையில் ஊன்றுவதும் பெரும்பாலும் அதே கால். புது வண்டிக்காரர் ஒருவருக்கு இடது கால் முறிந்தால் கியர் மாற்றும் கால் போச்சு. உங்களுக்கோ வண்டியை நிறுத்தும் காலே போயிருக்கிறது.

50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் சுமார் 14 மீட்டர் போகிறது. பிரேக்கில் கால் அரை வினாடி பிந்தினால் ஏழு மீட்டர். நியூயார்க்கில் கால் எலும்பு முறிந்தவர்களைக் கார் ஓட்டும் கருவியில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2008இல் வெளியானது. காலில் பாரம் ஏற்றி நடக்கத் தொடங்கி ஆறு வாரத்துக்குப் பிறகே பிரேக் அழுத்தும் நேரம் பழைய நிலைக்கு வந்தது. அது உட்கார்ந்தபடி அழுத்தும் கார் பெடலுக்கு. புல்லட்டுக்கு இன்னும் கூட வேண்டும்.

ஆகவே வண்டியின் வேகத்துக்கு எலும்பை இழுக்காமல், எலும்பின் வேகத்துக்கு வண்டியைத் தாமதப்படுத்துங்கள். எல்லாவற்றையும் முடித்தாலும் கிக்கர் கட்டையை மட்டும் மாட்டாதீர்கள். அதைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் நான்கு பக்கத்தில் மூன்றிலாவது எலும்பு பாலம் போட்டிருக்கிறது என்று உங்கள் சர்ஜன் சொல்ல வேண்டும். தடியில்லாமல், நொண்டாமல் நடக்க வேண்டும். இடது காலில் மட்டும் நின்று குதிகாலைப் பத்து முறை உயர்த்த முடிய வேண்டும். மேடையில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து இடது பிரேக்கை வலியில்லாமல் ஓங்கி மிதிக்க முடிய வேண்டும். அதற்குப் பிறகு கிக்கரைக் கேட்டு வாங்குங்கள். என் கணிப்பில் ஐந்து மாதத்துக்கு முன் அது நடக்காது.

ரேஸ் ஓட்டுகிறவர்கள் உடனே எழுந்து வருகிறார்களே என்று உங்கள் வயதுக்காரர்கள் கேட்பார்கள். ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா, நம் ஓசூர் டிவிஎஸ் பங்கெடுத்த ஷெர்கோ அணிக்காக ஓட்டியவர். 2023 டக்கார் பந்தயத்தில் விழுந்து முதுகெலும்பு முறிவோடு வெளியேறினார். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் ‘ராலி 2’ பிரிவில் முதலிடம், ஒட்டுமொத்தத்தில் பதினோராவது. பெரிய சாதனை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு வருஷம் இருக்கிறது, கூடவே பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் இருந்தார்கள். உங்களுக்கு ஐந்து மாதம் கேட்பது அதிகமில்லை.

கிரிவலம். வேண்டுதலைக் குறை சொல்லவில்லை; நடைப்பயிற்சிக்கு இதைவிட நல்ல பாதையும் கிடைக்காது. ஆனால் 14 கிலோமீட்டரை ஒரே மூச்சில், வெறுங்காலோடு, லட்சக்கணக்கான பேர் நெருக்கும் தீபத்தன்று வேண்டாம். பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் போதும். சர்ஜன் முழு பாரம் ஏற்றலாம் என்று சொன்ன பிறகு, கூட்டமில்லாத விடியற்காலையில் செருப்போடு தொடங்குங்கள். முதல் வாரங்களில் இந்திர லிங்கத்திலிருந்து அக்னி லிங்கம் வரை; திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. மறுநாள் காலையில் வலி கூடவில்லையென்றால் அடுத்த வாரம் எம லிங்கம். கூடியிருந்தால் பின்வாங்குங்கள், வெட்கமில்லை. தீபத்தன்று அம்மாவோடு ஆட்டோவில் சுற்றி வாருங்கள், எத்தனையோ பெரியவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். முழு நடையைத் தை மாதத்துக்கு மேல் சாதாரண நாளில் முடித்துக்கொள்ளலாம்.

இரவில் லாரி ஹாரன் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது என்று அந்தத் தனிக் குறிப்பின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடைசி வரியில் எழுதியிருக்க வேண்டாம். விபத்துக்குப் பிறகு சில வாரம் அப்படி இருப்பது இயல்பு. இரண்டரை மாதமாகியும் தூக்கம் கெடுகிறது, செங்கம் ரோட்டையே தவிர்க்கிறீர்கள் என்றால் அதுவும் ஒரு காயம், அதற்கும் மருந்து உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள். அம்மா வண்டியை எடைக்குப் போடச் சொல்வதும் அதே பயம்தான். அவரோடு சண்டை போடாதீர்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம் மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் காயம்பட்ட எவருக்கும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை உண்டு. செலவுக்குப் பயந்து யாரையும் ரோட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக, ஹெல்மெட்டில் கீறல் மட்டும்தான், உள்ளே நன்றாக இருக்கிறது, தம்பிக்குக் கொடுத்துவிட்டேன் என்றும் அதே குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். உடனே திருப்பி வாங்குங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒரு அடியை வாங்கி நசுங்குவதற்காகவே வைத்தது. நசுங்கியது மறுபடி உப்பாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. உங்கள் தலைக்கு வந்ததை அது வாங்கிக்கொண்டது, அதன் வேலை முடிந்தது. வேறு யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளாதபடி பட்டையை அறுத்து, உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, தம்பிக்கு ஐஎஸ்ஐ முத்திரையோடு புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.