டாப்பெட் சத்தமும் ஒரு சுற்றும்

செவர்லே 1955-இல் இறக்கிய ஸ்மால் பிளாக் வி8 எஞ்சின், அமெரிக்காவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வீட்டுக் கராஜிலேயே பிரித்துச் சேர்க்கும் எஞ்சின். அதன் ஹைட்ராலிக் லிஃப்டர் பற்றி உலவும் பேச்சில் பாதிதான் தேறும்.

நம்பிக்கை: ஹைட்ராலிக் என்றால் செட்டிங்கே வேண்டாம்.

லிஃப்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் ஆயில் அழுத்தத்தில் எழும்பி இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அது ஏறி இறங்க ஓர் எல்லை உண்டு. ஹெட்டையோ கேம் ஷாஃப்ட்டையோ கழற்றி மாட்டினால், ராக்கர் நட்டை இறுக்கி பிளஞ்சரை அந்த எல்லைக்குள் உட்காரவைப்பது நம் வேலை.

நம்பிக்கை: ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும்.

அது நம் பழைய அம்பாசடர் போல கெட்டி டாப்பெட் உள்ள எஞ்சினுக்கு. இங்கே கேஜைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

நம்பிக்கை: புஷ்ராடை உருட்டிக்கொண்டே நட்டை இறுக்கு; உருள மறுத்தால் அதுதான் ஜீரோ இடைவெளி.

அதிகம் கெடுப்பது இதுதான். பிளஞ்சருக்கு அடியில் மெல்லிய ஸ்பிரிங் இருக்கிறது. ஆயில் வடிந்த லிஃப்டரில் பிளஞ்சர் பாதி இறங்கிய பிறகும் புஷ்ராட் விரலுக்குச் சுகமாக உருளும். விரல் நம்மை ஏமாற்றும். உருட்டாமல், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அந்த ஆட்டம் நின்ற இடம்தான் ஜீரோ. அங்கிருந்து கம்பெனி மேனுவல் சொல்வது ஒரு முழுச் சுற்று. அரைச் சுற்றோடு நிறுத்துபவர்களும் உண்டு. ராக்கர் ஸ்டட்டில் அங்குலத்துக்கு 24 மரை. ஒரு சுற்றில் நட் இறங்குவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ராக்கரின் விகிதம் 1.5 என்பதால் பிளஞ்சர் ஏறக்குறைய 1.75 மில்லிமீட்டர் அமுங்கும்.

எந்த வால்வை எப்போது வைப்பது? நம்பர் 1 சிலிண்டரை ஃபயரிங் டாப்பில் நிறுத்தி எக்ஸாஸ்டில் 1, 3, 4, 8, இன்டேக்கில் 1, 2, 5, 7. கிராங்க் ஷாஃப்ட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி நம்பர் 6-க்கு வந்ததும் மீதி எட்டு.

நம்பிக்கை: சத்தம் வந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கு.

இறுக்கிக்கொண்டே போனால் பிளஞ்சர் அடியில் முட்டி, வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரெஷன் போகும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி டிக் டிக் என்று அடித்து அடங்கினால், இரவில் திறந்து நின்ற வால்வின் லிஃப்டரில் ஆயில் வடிந்திருக்கிறது, அவ்வளவே. அடங்காவிட்டால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு லிஃப்டருக்குள் கசடு, தேய்ந்த கேம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் ஒழுகினாலும் அச்சாக இதே சத்தம்தான். எஞ்சின் சூடேறி இரும்பு விரிந்ததும் அது பெரும்பாலும் குறைந்துவிடும்.