கட்டைவிரலில் பிறந்த மெட்டு

கே: அமெரிக்க கன்ட்ரி இசையில் கார்ட்டர் குடும்பம் என்ற குழுவை ஏன் இன்னமும் கொண்டாடுகிறார்கள்?

ப: முதல் காரணம், மேபெல் கார்ட்டரின் வலது கை. கட்டைவிரலால் கிதாரின் தடித்த தந்திகளில் மெட்டை வாசிப்பார். அதே நேரம் மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளை வருடித் தாளம் போடும். பின்னணியில் ஒலித்துக்கொண்டிருந்த கிதார் முன்னுக்கு வந்ததில் இந்தக் கைக்குப் பெரும் பங்குண்டு. 1927 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனி இந்தக் குழுவை முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தபோது மேபெலுக்கு வயது 18. வயிற்றில் பிள்ளை வேறு.

குழுவில் பாடியது பெரும்பாலும் சாரா. அவர் கணவர் ஏ.பி. கார்ட்டர் மலையூர்களில் அலைந்து பாட்டு சேகரித்தவர். கூடவே போன கறுப்பினக் கலைஞர் லெஸ்லி ரிடில், கேட்ட மெட்டை மறக்காதவர். வரிகளை ஏ.பி. எழுதிக்கொள்வார், மெட்டு ரிடிலின் நினைவில் தங்கும். ஆனால் உரிமையும் பெயரும் ஏ.பி.க்கே போயின. குடும்பப் பெருமை பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

ஏ.பி.யும் சாராவும் 1936-இல் விவாகரத்து பெற்றார்கள். அப்புறமும் சேர்ந்தே பாடினார்கள். மேபெலின் மகள் ஜூன், கன்ட்ரி பாடகர் ஜானி கேஷை மணந்தார். நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரியின் மிகப் புகழ்பெற்ற பாட்டின் மெட்டே கார்ட்டர்களிடமிருந்து எடுத்ததுதான்!